டீச்சர் கை வைத்த கண்ணாடி

உட்காருங்கள் தம்பி, அந்த நாற்காலிக்கு ஆள் இல்லை. என் மகள் இந்திராணி உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள், இப்போதைக்கு வர மாட்டாள். இந்த ஆஸ்பத்திரியில் ஓர் அறைக்குள் போனால் நாலு அறை சுற்றவைத்துத்தான் வெளியே விடுகிறார்கள். உங்களுக்கு யார்? அப்பாவா? கண்ணில் புரையா? பயப்படாதீர்கள். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் நாங்கள் என்ன செய்வோம், கழற்றிவிட்டு வேறு போடுவோம். அதேதான். நாளைக்கே உங்கள் அப்பா உங்கள் முகத்திலிருக்கிற பருவை எண்ணிச் சொல்வார்.

எனக்கு ஒன்றும் இல்லை. நான் துணைக்கு வந்தவன். என் வீட்டுக்காரி பாக்கியத்தாய்க்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் வேடசந்தூரிலிருந்து இந்த மதுரைக்கு என்னையும் பஸ் ஏற்றினாள் மகள். இங்கே வந்து பார்த்தால் சீட்டு இரண்டு பேருக்குப் போட்டிருக்கிறாள். கேட்டதற்கு, வந்ததுதான் வந்தீர்கள், சும்மா ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள் என்கிறாள். சும்மா காட்டுவதற்குக் கண் என்ன கருவாடா?

இதோ, இந்த அட்டையைக் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறாள் அந்தப் பச்சைச் சேலைப் பெண். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்களாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டு, கோடு நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டுமாம். நாற்பது வருஷமாக ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தே சோறு தின்றவனிடம் இந்த விளையாட்டு. அவள் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஆமாம், போட்டோக்காரன். கருப்பணன் ஸ்டுடியோ என்று வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் கை நீட்டுவார்கள். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. ஆனால் கைராசிக்காரன். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்லும். கருப்பணன் எடுத்த கல்யாண ஆல்பம் என்றால் அடுத்த வருஷம் அதே வீட்டில் தொட்டில் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். எத்தனையோ பெண்களுக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் நான் எடுத்துத்தான் அமைந்தது. கைராசி என்பது உண்டு தம்பி. நல்ல கைக்கு உண்டு என்றால் கெட்ட கைக்கும் உண்டு. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அந்த ஸ்டுடியோ சாவி இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? என் மகளின் கைப்பையில். ‘கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் வாயால சொல்லட்டும், சாவியைத் தர்றேன். அதுவரைக்கும் கேமராவையும் தொடக் கூடாது, மொட்டை மாடி டெலஸ்கோப்பையும் தொடக் கூடாது’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நான் பெற்ற பிள்ளை.

டெலஸ்கோப்பா? ஆமாம், இருக்கிறது. அந்தக் கிறுக்கு எனக்கு உண்டு. ஊரில் ஒரு தடவை மாரியம்மன் தேர் படம் எடுக்கும்போது பெரிய லென்ஸைச் சும்மா மேலே தூக்கி நிலாவை ஒரு படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக, அவ்வளவு தெளிவு. அன்றைக்குப் பிடித்தது. கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் அருந்ததி பார்ப்பார்களே, மண்டபத்து மின்விசிறியைப் பார்த்து ஐயர் கையைக் காட்டுவார், இரண்டு பேரும் தலையாட்டுவார்கள், நானும் அதை எடுப்பேன். எத்தனையோ மின்விசிறியை அருந்ததியாக எடுத்தவன், ஒரு நாள் நிஜ அருந்ததியை எடுத்தேன். அந்தப் படத்தை ஸ்டுடியோவில் மாட்டி வைத்தேன். கல்யாணம் பேச வருகிறவர்களிடம், பாருங்கள், இதுதான் அது என்று காட்டுவேன். கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். அப்புறம் வீடியோவுக்குத் தனியாகக் காசா என்று கேட்பார்கள்.

திண்டுக்கல்லில் வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. கல்லூரிக்காரர்கள், பேங்க்காரர்கள், ஒரு பல் டாக்டர். அதில் போய்ச் சேர்ந்தேன். அங்கேதான் அவள் இருந்தாள். ஜெசிந்தா டீச்சர். ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவள், சங்கத்துக்குச் செயலாளர். குட்டையாக, முடியை இறுக்கிப் பின்னிக்கொண்டு, கையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் தூசி. என் மகள் இந்திராணிக்கு அவள் பாடம் எடுத்தவள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்தச் சங்கத்து வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

முதல் நாளே ஆரம்பித்தாள். என் நிலாப் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்து, சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோனேன். எல்லாரும் கை தட்டினார்கள். இவள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், ‘அண்ணே, படம் அருமையா இருக்கு. தலைகீழா மாட்டியிருக்கீங்க’ என்றாள். நிலாவுக்கு ஏது தலை, ஏது கால்? அந்தப் பல் டாக்டர் சிரித்தான். அன்றிலிருந்து என் ஸ்டுடியோவில் அந்தப் படம் அப்படியேதான் தொங்குகிறது. திருப்ப மாட்டேன். அவள் சொன்னாள் என்பதற்காகவே திருப்ப மாட்டேன்.

சரி, அதை விடுங்கள். சின்ன விஷயம். நான் சின்ன விஷயத்தையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

கிரகணத்துக்கு வருகிறேன். ஒரு மார்கழி மாதம் வந்ததே, சூரியன் மோதிரம் மாதிரி ஆனதே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அப்போது சென்னையிலா? சென்னையில் மோதிரம் முழுசாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம்தான் அதற்கு நேர் பாதை. கிட்டத்தட்ட மூன்று நிமிஷம் மோதிரம் நிற்கும் என்றார்கள். என் குரு, காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர், எண்பதாம் வருஷத்துக் கிரகணத்தைப் படம் எடுத்தார். அந்தப் படத்தைச் சாகிற வரைக்கும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அப்போது நான் அவருக்கு அடிப்பொடி. அவர் ஒரு வித்தை செய்தார். அப்போதெல்லாம் கறுப்பு வெள்ளைதான், பிலிம் ரோலின் தலைப்பில் வெளிச்சம் பட்டு ஒரு சாண் கறுத்துப் போயிருக்கும் இல்லையா, அதை வெட்டி இரண்டு மடிப்பாக வைத்து அதன் வழியாகச் சூரியனைப் பார்த்தார். நிலா மாதிரி சாந்தமாக இருந்தது. நானும் அன்றைக்குப் பார்த்தேன். எனக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை.

அதே வித்தையைத்தான் நானும் செய்தேன். என்னிடம் கலர் பிலிம் மிச்சம் நிறையக் கிடந்தது. தலைப்புகளை வெட்டி, இரண்டு இரண்டாக அடுக்கி, லென்ஸ் முகப்புக்கு ஓர் அட்டை மூடி செய்து, நடுவில் ஓட்டை போட்டு ஒட்டினேன். நல்ல கறுப்பு. வீட்டுக்குள் பிடித்துப் பார்த்தால் ட்யூப்லைட்டே தெரியாது. அவ்வளவு கறுப்பு.

பாக்கியத்தாய் முந்தின நாளே ஆரம்பித்துவிட்டாள். கிரகணத்தைப் பார்க்கக் கூடாது, கண்ணுக்கு ஆகாது, கோயிலே நடை சாத்துகிறார்கள், உனக்கென்ன என்றாள். அன்று காலையில் உலை வைக்கவில்லை. இந்தக் காலத்திலும் இப்படி மூட நம்பிக்கையா என்று திட்டிவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பிப் போனேன்.

சங்கத்துக்காரர்கள் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்ல கூட்டம். பிள்ளைகள், பெற்றவர்கள், போலீஸ்காரர்கள்கூட. எல்லாருக்கும் அட்டைக் கண்ணாடி கொடுத்தார்கள். நான் மூலையில் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டாண்டைப் போட்டேன். சூரியன் கடிபட ஆரம்பித்தது. வலது கண்ணை வைத்தேன். தொழில் கண் அதுதான் தம்பி, எனக்கு மட்டும் இல்லை, எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கும். இடது கண் சும்மா மூடிக் கிடக்கிற கண்.

வைத்த கண்ணை எடுக்கவில்லை. லென்ஸின் கூர்மை, ஃபோகஸ் என்பார்களே, அது கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே இருந்தது. வெயில் ஏற ஏற அப்படித்தான் ஆகும், திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

டீச்சர் ஒவ்வொரு ஸ்டாண்டாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். என் கேமராவைப் பார்த்ததும் நின்றாள். இது என்ன அண்ணே என்றாள். பிலிம் என்றேன். கறுப்பு வெள்ளையா, கலரா என்றாள். கலர் என்றேன். உடனே முகம் மாறிப்போயிற்று. கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி இருக்குமாம், கலரில் வெறும் சாயம்தானாம். வெளிச்சத்தை மறைக்குமாம், சூட்டை மறைக்காதாம். கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தாலும் உள்ளே கொதிக்குமாம். பையிலிருந்து, சூரியனைப் பார்க்கவென்றே செய்த ஒரு வெள்ளித்தாள் துண்டை எடுத்து, இதைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று நீட்டினாள்.

நான் கேட்டேன் தம்பி, நியாயமாகத்தான் கேட்டேன். ‘சூடு உள்ள வந்தா எனக்குச் சுடாதா டீச்சர்? கண்ணு என்னோடதுதானே?’

‘சுடாதுண்ணே. அதுதான் மோசம்’ என்றாள்.

இது ஒரு பதிலா, சொல்லுங்கள். சுட்டால் மோசம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சுடாவிட்டால் மோசம் என்று இவள் ஒருத்திதான் சொன்னாள். என் குரு இப்படித்தான் பார்த்தார், நானும் இப்படித்தான் பார்ப்பேன், நீ போய்ப் பிள்ளைகளைக் கவனி என்றேன். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அந்த வெள்ளித்தாளை என் கேமராப் பை மேல் வைத்துவிட்டுத்தான் போனாள். காற்றில் பறந்து போயிற்று. நான் எடுக்கவில்லை.

மோதிரம் கூடப் போகிற நேரம். மைதானம் மொத்தமும் ஓ என்று இரைகிறது. வெளிச்சம் ஒரு மாதிரிச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. வேப்பமர நிழலில் தரை முழுக்கப் பிறை பிறையாக விழுந்திருந்ததாம், அதைக்கூட நான் பார்க்கவில்லை, கண்ணை எடுத்தால்தானே. விரல் பித்தானில் இருக்கிறது. இரண்டு முனையும் ஒட்டப் போகிறது. ஒட்டப் போகிறது.

அப்போது இருட்டிப்போயிற்று. என்னடா என்று கண்ணை எடுத்தால், லென்ஸ் முகப்பில் அவள் கை. உள்ளங்கையை அப்படியே அப்பி வைத்திருக்கிறாள். இன்னொரு கையால் கேமராவின் கழுத்தைப் பிடித்துத் தரையைப் பார்க்கத் திருப்பிவிட்டாள்.

‘போதும்ணே. உங்க காலைத் தொட்டுக் கும்பிடுறேன், போதும்’ என்றாள்.

காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன் என்கிறாள், கையை எடுக்க மாட்டேன் என்கிறாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தப் பல் டாக்டர் ஓடி வந்து எங்களை விலக்குகிறான். நான் மறுபடியும் கேமராவைத் தூக்கிச் சூரியனைத் தேடிப் பிடிப்பதற்குள் மோதிரம் கலைந்துவிட்டது. மூன்று நிமிஷமும் அவள் கையிலேயே போயிற்று. அந்த மைதானத்தில் மோதிரத்தைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான். இல்லை, அவளும் பார்க்கவில்லை. என் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அவளுக்கும் போயிற்று. போகட்டும். நன்றாகப் போகட்டும்.

ஊருக்கு வந்து சேர்ந்தேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். கண்ணை மூடினால் கண்ணுக்குள் ஒரு வட்டம் தகதகவென்று நிற்கிறது. திறந்தாலும் நிற்கிறது. ராத்திரி சோற்றுத் தட்டின் நடுவில் நிற்கிறது. ரத்தம் தலைக்கு ஏறினால் அப்படித்தான் ஆகும். சில நாளில் தகதகப்பு போய்விட்டது, கோபம் போகவில்லை.

இப்போது கைராசிக்கு வருகிறேன். நன்றாகக் கேளுங்கள்.

அவள் கை வைத்தாளே அந்த லென்ஸ், அதில் அன்றிலிருந்து நடுவில் ஓர் அழுக்கு. துடைத்தால் போகவில்லை. மதுரையில் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்தேன், போகவில்லை. அந்தக் கடைக்காரன், லென்ஸில் ஒன்றும் இல்லையே அண்ணாச்சி என்றான். கண்ணாடியில் தெரியாது, பார்த்தால்தான் தெரியும் என்றேன். சரி, அந்த லென்ஸ்தான் கெட்டது என்று வேறு வாங்கினேன். அதிலும் அதே இடத்தில், அதே அழுக்கு. ஒரு சின்ன உள்ளங்கை மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை வைத்தது லென்ஸில் இல்லை, என் தொழிலில்.

டெலஸ்கோப் வாங்கினேன். மோதிரம் போனால் போகட்டும், சனிக் கிரகத்துக்கும் மோதிரம் இருக்கிறது, அதையாவது எடுப்போம் என்று. சென்னையிலிருந்து வந்தது. மொட்டை மாடியில் மாட்டி, சனியை நடுவில் கொண்டுவந்தால் சனியைக் காணோம். ஓரத்துக்குப் போனால் மினுக்கென்று தெரிகிறது, நடுவுக்கு வந்தால் மறைகிறது. கடைக்காரனுக்கு போன் போட்டு வறுத்தெடுத்தேன். மாற்றிக் கொடுத்தான். அதுவும் அப்படியே. மறுபடி மாற்றிக் கொடுத்தான். மூன்றாவதும் அப்படியே இருந்ததும் அவன் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். ஏமாற்றுக்காரன்.

திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரி. மாடியில் குடை மாதிரி கூரை போட்டு, உள்ளே பெரிய டெலஸ்கோப் வைத்திருக்கிறார்கள், மாதத்தில் ஒரு நாள் ஊர் ஆட்களையும் விடுவார்கள் என்று போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை பார்த்துவிட்டு, ‘அம்மா, தொப்பி போட்டிருக்கு’ என்றது. சனிக்குத் தொப்பி. நான் கண்ணை வைத்தால் வெறும் இருட்டு. தம்பி, டெலஸ்கோப் நகர்ந்துவிட்டது, சரி செய் என்றேன். அந்தப் பையன் பார்த்துவிட்டு, நடுவுலதான் சார் இருக்கு என்றான். மறுபடி பார்த்தேன், இல்லை. இவர்கள் ஊரைக் கூட்டிக் காது குத்துகிறார்கள் என்று சத்தம் போட்டேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள்.

வடக்கே ஒரு மலை மேல் பெரிய ஆராய்ச்சிக் கூடம் ஒன்று. காட்டுக்குள்ளே, கரடி வரும் என்று பயம் காட்டுவார்கள். அங்கேயும் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். ஏதோ ஒரு புகைமூட்டத்தைக் காட்டினார், நட்சத்திரம் பிறக்கிற இடமாம். நேராகப் பார்த்தால் தெரியாதுங்க ஐயா, ஓரக்கண்ணால் பாருங்கள், அப்போதுதான் தெரியும், மங்கலான பொருளுக்கு அதுதான் வழி என்றார். பார்த்தேன். தெரிந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடடா, இதுவல்லவா வித்தை, இதை ஏன் ஒரு பயலும் எனக்குச் சொல்லவில்லை என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் அவர் நிலாவைக் காட்டினார். அதையும் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஐயா, நிலாவை நேராவே பாக்கலாமே’ என்றார். எனக்கு இப்படித்தான் வசதி என்றேன். கீழே இறங்கும்போது, எதற்கும் ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் டெலஸ்கோப்பில் குறை இருந்தால் ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனது வரும்.

கொடைக்கானலில் மட்டும்தான் ஒழுங்கான சாமான் வைத்திருக்கிறார்கள். அங்கே குனிந்து ஒற்றைக் கண்ணை வைக்கிற வேலையே இல்லை. சூரியனைப் பிடித்து வெள்ளைத் திரையில் விழ வைத்திருக்கிறார்கள். நின்றபடிக்கு இரண்டு கண்ணாலும் பார்க்கலாம். சூரியன் முகத்தில் இருக்கிற கரும்புள்ளி எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அழுக்கும் இல்லை, கிழுக்கும் இல்லை. பாக்கியத்தாயையும் கூட்டிப் போயிருந்தேன். பார்த்தாயா, அவள் கை இந்த மலை வரைக்கும் எட்டவில்லை என்றேன். இவள் என் முகத்தைப் பார்த்து முழித்தாள்.

ஆமாம், படங்களும் கெட்டுப்போய்விட்டன. அதைச் சொல்லாமல் மறைப்பானேன். நான் எப்போதும் கையால்தான் கூர்மை வைப்பேன், இந்தத் தானாக வைக்கிற கேமராவை நம்ப மாட்டேன். போன ஆவணியில் என் சம்பந்தி வீட்டுக் கல்யாணம், இந்திராணியின் நாத்தனாருக்கு. தாலி கட்டுகிற படத்தில் தாலி மங்கல். பின்னால் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஆள் பளிச்சென்று இருக்கிறான். ஆல்பத்தைப் பிரித்து, சம்பந்தி கேட்கிறார், ‘என்ன சம்பந்தி, கல்யாணம் எங்க பொண்ணுக்கா, இந்த ஆளுக்கா?’ எல்லாரும் சிரித்தார்கள். இந்திராணி சிரிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து கேட்டாள். ‘அந்த லென்ஸு கெட்டது, இந்த லென்ஸு கெட்டது, மலைமேல இருக்கிறதும் கெட்டது. கெடாத கண்ணாடி ஒண்ணுகூடவாப்பா இந்த உலகத்துல இல்ல?’

கொடைக்கானலில் ஒன்று இருக்கிறது என்றேன்.

அவளுக்கு இதையெல்லாம் யார் ஏற்றிவிட்டது என்று நினைக்கிறீர்கள்? அந்த டீச்சர்தான். கிரகணம் முடிந்ததிலிருந்து அவள் என்னை விடவில்லை தம்பி. ஒரு வாரம் கழித்து ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். ‘கண்ணு எப்படி இருக்குண்ணே?’ என்று கேட்டாள். குத்திக்காட்டுகிறாளாம். உன்னை விட நன்றாக இருக்கிறது, வெளியே போ என்றேன். போனாள். பொங்கல் கழித்து மறுபடி வந்தாள். அதே கேள்வி. மூன்றாம் தடவை வந்தபோது ஷட்டரை இறக்கிவிட்டேன். தன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று தெரிந்தும், ஒருத்தி திரும்பத் திரும்ப வந்து வாசலில் நிற்கிறாள் என்றால் அவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பு என்று சொல்லவில்லை. அன்றைக்கு நான் கை வைத்தது தப்பு அண்ணே, மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். ஒரு நாள் கேட்டே விட்டேன், ஷட்டருக்கு உள்ளே இருந்து. வெளியே இருந்து அவள் சொல்கிறாள், ‘தப்புதாண்ணே. முதல்லயே வெச்சிருக்கணும்.’

கேட்டீர்களா, திமிரை.

இன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது இந்திராணி போனில் பேசினாள். ‘கூட்டிட்டுப் போறோம் டீச்சர், அம்மாவுக்குன்னு சொல்லித்தான்’ என்றாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது யார் போட்ட திட்டம் என்று. இன்னொரு மோதிரக் கிரகணம் வருகிறதாம் தம்பி, இன்னும் சில வருஷத்தில், இந்த மதுரைக்கு மேலேயே. அன்றைக்கு நான் உயிரோடு இருந்தால் கேமரா என் கையில் இருக்க வேண்டும். அந்த ஒரு படம் போதும் எனக்கு. என் குருவுக்கு ஒரு படம் இருந்தது, எனக்கு ஒன்று வேண்டாமா? அதையும் கெடுக்கத்தான் இப்போதே ஆஸ்பத்திரி வரைக்கும் கையை நீட்டியிருக்கிறாள். கண்ணில் குறை என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டால் போதுமே, சாவி மகள் பையிலேயே கிடக்கும்.

அதோ, பச்சைச் சேலை வருகிறாள். வரட்டும். இந்த அட்டையைப் பார்த்து, கோடெல்லாம் நேராகத்தான் இருக்கிறது தாயே என்று சொல்லிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கிறேன்.

எங்கே, இடது கண்ணை மூடிக்கொள்கிறேன். பழக்கம், கை வைக்காமலே மூடும் பாருங்கள்.

என்ன அட்டை இது. அச்சே சரியில்லையே. நடுவில் புள்ளி இருக்கிறது என்றாளே, புள்ளியைக் காணோம். அந்த இடத்தில் கட்டமே இல்லை, மை தீற்றிக் கிடக்கிறது. சுற்றி இருக்கிற கோடு எல்லாம் உள்ளே சுருண்டு போகிறது. நான் இப்படி ஒரு படத்தைக் கொடுத்தால் முகத்தில் விட்டெறிவார்கள். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ஓர் அட்டையை ஒழுங்காக அச்சடிக்க ஆள் இல்லை. பாருங்கள் தம்பி, நீங்களே பாருங்கள்.

இருக்கிறதா?

நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் இருக்கிறதா? கோடு நேராக இருக்கிறதா?

கொடுங்கள் இப்படி.

இந்த இடது கண் எனக்குப் பழக்கமில்லாத கண். வலதை மூடச் சொன்னால் மூடாது, கையால்தான் மறைக்க வேண்டும். உள்ளங்கையை இப்படி வைத்து.

ம்.

புள்ளி இருக்கிறது. கறுப்பாக, நடுவில். கோடும் நேராக இருக்கிறது.

கையை எடுத்து இந்தப் பக்கம், இடது கண் மேல் வைத்தால் இல்லை. அந்தப் பக்கம் வைத்தால் இருக்கிறது. அதே உள்ளங்கை மாதிரி அழுக்கு, அதே அளவு. ஒரே அட்டைதானே தம்பி? நீங்கள் மாற்றவில்லையே?

என் பெயரைத்தான் கூப்பிடுகிறாள். கேட்கிறது, கேட்கிறது. இரும்மா, வருகிறேன்.

தம்பி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். இந்த அட்டை இந்த ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போயிருக்காது இல்லையா? அந்த டீச்சர் திண்டுக்கல்லில் இருக்கிறாள். இதை அவள் தொடவே இல்லையே.